டெல்டா ஈரத்தில் மாடல் விமான எஞ்சினைத் துருப்பிடிக்காமல் வைப்பது எப்படி?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 46 அளவு (0.46 கன அங்குலம், ஏறக்குறைய 7.5 சிசி) டூ-ஸ்ட்ரோக் குளோ எஞ்சின், அதாவது பிளக்கில் கனலும் கம்பியால் எரிபொருளைப் பற்றவைத்து ஓடும் சின்ன எஞ்சின். போன வைகாசியில் கடைசியாகப் பறக்கவிட்டு, வெளிப்புறத்தைத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். தை அறுவடை முடிந்து எடுத்தால் புரொப்பெல்லர் அசையவே இல்லை. ஒருவர் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிக்கச் சொன்னாராம், வீட்டில் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார்களாம், இன்னொருவர் இனிமேல் அரிசி டப்பாவுக்குள் வைத்துவிடு என்றாராம். "நம் ஊர் ஈரத்தில் எஞ்சினை எதில் வைத்தால் துருப்பிடிக்காது?" என்று முடித்திருக்கிறார்.

எதில் வைப்பது என்பது இரண்டாவது கேள்விதான். அவர் உண்மையில் கேட்பது, எட்டு மாதம் சும்மா கிடந்த எஞ்சினுக்குள் என்ன நடந்தது, அதை எப்படி மீட்பது, இனி எப்படித் தடுப்பது என்பது. பல வருடங்களாகப் பையன்களுக்கு ஏரோமாடலிங் சொல்லிக்கொடுத்து, அவர்கள் கொண்டுவரும் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினைக் கெடுப்பது ஐப்பசி மழை இல்லை. கடைசியாகப் பறக்கவிட்ட அன்று திடலில் செய்யாமல் விட்ட பத்து நிமிட வேலைதான். மழை அதற்கு அப்புறம் வந்து சேர்ந்துகொள்கிறது.

காரணம் எரிபொருளில் இருக்கிறது. குளோ எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். ஒரு கிலோ மெத்தனால் முழுதாக எரிந்தால் ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் அதிகமாகவே தண்ணீர் உண்டாகும். அதில் பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். ஆனால் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து கிராங்க்கேஸுக்குள், அதாவது ஷாஃப்ட் சுற்றும் கீழ் அறைக்குள், இறங்குவது, எஞ்சின் ஆறியதும் அங்கேயே தங்கிவிடும். சரியாக எரியாத மெத்தனாலிலிருந்து ஃபார்மிக் அமிலமும் வரும். எரியாமல் மிஞ்சிய மெத்தனாலோ காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. ஆக, தண்ணீர், அமிலம், ஈரத்தை இழுக்கும் திரவம் மூன்றும் உள்ளே, பின்பக்கப் பேரிங்கின் குண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. இது உறுதியாகத் தெரிந்த விஷயம். நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருள் நைட்ரிக் அமிலத்தை உண்டாக்கி அதனால்தான் துருப்பிடிக்கிறது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. நைட்ரோவின் பங்கு எவ்வளவு, ஈரத்தின் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. நைட்ரோவே இல்லாமல், 80 பங்கு மெத்தனால், 20 பங்கு எண்ணெய் என்று ஓட்டுபவர்களின் பேரிங்கும் கவனிக்காமல் விட்டால் துருப்பிடிக்கத்தான் செய்கிறது. அதனால் நைட்ரோ இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல், இடைவெளியின் நீளம். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்துவிட்டால் குறுவை, அப்புறம் சம்பா. தை, மாசியில் அறுத்து முடிக்கும்வரை விமானம் இறக்கக் காய்ந்த தரை கிடைக்காது. அறுவடைக்குப் பிறகும், வயலில் உளுந்தோ பயறோ தெளித்திருந்தால் அங்கேயும் கால் வைக்க முடியாது. வாராவாரம் ஓடும் எஞ்சினில் துரு அவ்வளவு சீக்கிரம் தலைகாட்டாது. புது எரிபொருளோடு புது எண்ணெயும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எட்டு மாதம் கிடக்கும் எஞ்சினுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அந்தப் பத்து நிமிட வேலை இதுதான். கடைசிப் பறப்பு முடிந்து எஞ்சின் சூடாக இருக்கும்போதே மீண்டும் கிளப்பி, ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் குழாயை அழுத்தி அடைத்து, தானாக நிற்க விடுங்கள். உள்ளே இருப்பதை அது எரித்துக்கொள்ளும். பிளக்கில் கரண்ட் கொடுத்து இன்னொரு முறை சுற்றுங்கள். 'டப் டப்' என்று இரண்டு வெடிப்பு வந்தாலும் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். சத்தமே வராதவரை தொடருங்கள். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், மெத்தனாலும் மினரல் ஆயிலும் கலக்காது. உள்ளே எரிபொருள் தங்கியிருக்க, மேலே எவ்வளவு நல்ல ஆயில் விட்டாலும் அது மெத்தனால் படிந்த இடத்தில் ஒட்டாமல் வழுக்கிப் போகும். டேங்கையும் முழுதாக வடித்துவிடுங்கள்.

அப்புறம் ஆயில். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகச் சில சொட்டு, திராட்டிலை முழுதாகத் திறந்து கார்புரேட்டர் வாய் வழியாக இன்னும் கொஞ்சம். சிரிஞ்ச் இருந்தால் வசதி. பிறகு புரொப்பெல்லரைக் கையால் இருபது முப்பது சுற்று சுற்றுங்கள், ஸ்டார்ட்டர் இருந்தால் அதில் சில நொடி. எஞ்சினை மூக்கு மேலாகவும் வால் மேலாகவும் சாய்த்துச் சாய்த்துச் சுற்றினால்தான் ஆயில் முன்பேரிங்குக்கும் போகும், பின்பேரிங்குக்கும் போகும். சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள். முதலில் கறுப்பும் பழுப்புமாகத் தெறிக்கும். விட்ட ஆயிலின் நிறத்திலேயே தெறிக்க ஆரம்பித்தால் போதும்.

எந்த ஆயில் என்பதில்தான் ஊருக்கு ஒரு கட்சி. கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை, அதாவது ஏடிஎஃப் சிவப்பு ஆயிலை, உலகம் முழுக்கப் பலர் பயன்படுத்துகிறார்கள். நானும் அதைத்தான் விடுகிறேன். தையல் மிஷின் எண்ணெயும் குறைந்ததில்லை, என்ன, மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் வடிந்துவிடும், நடுவில் ஒருமுறை மறுபடி விட வேண்டும். இரண்டில் எது மேல் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஏதோ ஒன்று உள்ளே போயிருப்பதுதான் முக்கியம். ஆனால் பெட்ரோலிய ஆயில் எதுவானாலும் சிலிக்கான் ரப்பரை ஊதிப் பெருக்கவைக்கும், இதில் சந்தேகமே இல்லை. எரிபொருள் குழாய் சிலிக்கானில் செய்தது என்பதால் அதைக் கழற்றிவிட்டு ஆயில் விடுங்கள். கார்புரேட்டருக்குள் சிலிக்கான் வளையம் இருந்தால் அங்கே தாராளம் காட்டாதீர்கள்.

டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், இறுகிய பாகத்தை இளக்கும். ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது, எட்டு மாதத்துக்குக் காவல் நிற்காது. அடித்துச் சுத்தம் செய்யுங்கள், அதற்குமேல் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழிக் காலையில் உங்கள் வீட்டுப் பாட்டிலிலேயே பார்க்கலாம். நாள்பட்டால் காறல் அடிக்கும், அதாவது கொழுப்பமிலம் பிரியும். அமிலத்தை விரட்டத்தான் இவ்வளவு பாடும். விளக்கெண்ணெய் விஷயம் வேறு. ஆமணக்கு எண்ணெய் உலோகத்தை ஒட்டிப் பிடித்துக் காக்கும், அதனால்தான் எரிபொருளிலேயே கலக்கிறார்கள். சில செயற்கை எண்ணெய்கள் தாங்களே ஈரத்தை இழுக்கும். அந்த வகையில் ஆமணக்கு கலந்த எரிபொருள் துருவுக்கு நல்லது. ஆனால் சூட்டில் கெட்டிப்பட்டுப் பிசினாக இறுகுவதும் அதே எண்ணெய்தான்.

இங்கேதான் உங்கள் எஞ்சின் ஏன் அசையவில்லை என்பதற்கு வருகிறோம். 46 அளவில் பரவலாக வருவது ஏபிசி வகை அல்லது அதன் உறவு. அலுமினிய பிஸ்டன், அது ஏறி இறங்கும் உட்குழாயான ஸ்லீவ் குரோமோ நிக்கலோ பூசிய பித்தளை அல்லது அலுமினியம். இதில் எதுவும் செந்துரு பிடிக்காது. துருப்பிடிக்கக்கூடிய எஃகு என்றால் கிராங்க் ஷாஃப்ட், இரண்டு பேரிங், பிஸ்டன் பின், அவ்வளவுதான். ஆகவே மேலே பிஸ்டன் பிடித்திருந்தால் பெரும்பாலும் ஆமணக்குப் பிசின், கீழே ஷாஃப்ட் பிடித்திருந்தால் பேரிங் துரு. உங்கள் எஞ்சின் பிஸ்டனைச் சுற்றி ரிங் வைத்த வகை என்றால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ரிங் இரும்பு, அதுவும் துருப்பிடிக்கும்.

சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்து எக்ஸாஸ்ட் வாய்க்குள் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் தேன் நிறத்தில் பளபளப்பாகப் படிந்திருந்தால் பிசின். அடுத்து பின்புறம் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி பேக்பிளேட்டை எடுங்கள். உள்ளே செம்பொடி தெரிந்தால் பேரிங். ஸ்க்ரூ கழற்ற நல்ல ஆலன் கீ வாங்கிக்கொள்ளுங்கள், தேய்ந்துபோன கீயால் தலையைக் கெடுத்தால் வேலை இரண்டாகும்.

பிசினுக்கு மருந்து சூடு. எஞ்சினை விமானத்திலிருந்து கழற்றி, எரிபொருள் மிச்சம் இல்லாமல் துடைத்து, சில சொட்டு ஆயில் விட்டு, ஹேர் டிரையரோ பட்டறை ஹீட் கன்னோ வைத்துச் சிலிண்டர் தலையை எல்லாப் பக்கமும் சமமாகச் சூடாக்குங்கள். கை வைக்க முடியாத சூடு வந்ததும், தடித்த துணியால் புரொப்பெல்லரைப் பிடித்து முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். சூட்டில் ஸ்லீவ் பிஸ்டனைவிடக் கொஞ்சம் அதிகமாக விரிந்து இடம் கொடுக்கும், பிசினும் இளகும். முதலில் நூலளவு நகரும், அப்புறம் கால் சுற்று, அப்புறம் முழுதாக. வரவில்லையா, ஆற விட்டு ஆயில் விட்டு ராத்திரி முழுக்க வைத்து மறுநாள் தொடருங்கள். ஷாஃப்டில் பிளையரைப் போடுவது, எக்ஸாஸ்ட் வழியாக ஸ்க்ரூ டிரைவர் விட்டு பிஸ்டனை நெம்புவது, ஸ்டார்ட்டர் வைத்து அடிப்பது எதுவும் கூடாது. கனெக்டிங் ராடு வளைந்துவிட்டால் நீங்கள் மீட்பதற்கு எதுவும் இருக்காது.

அடுப்பு நெருப்பில் நேராகக் காட்டுவதும் வேண்டாம். மெத்தனால் மிச்சம் இருந்து பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. வெளியே கருகிப் பிடித்த கறையை எடுக்கக் காஸ்டிக் சோடா கலந்த அடுப்பு கிளீனரைப் போடாதீர்கள், அலுமினியத்தையே தின்றுவிடும். பித்தளைக் குத்துவிளக்கு பளிச்சென்று ஆகிறதே என்று புளி போட்டுத் தேய்த்த ஒரு பையனை எனக்குத் தெரியும். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பேரிங்கை மாற்ற வேண்டியதாயிற்று.

ஷாஃப்ட் சுற்ற ஆரம்பித்த பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஷாஃப்டை விரலால் மெதுவாகச் சுற்றும்போது மணல் கலந்தது போலக் கரகரவென்று இருந்தால் பேரிங் போய்விட்டது. ஆயில் விட்டால் சத்தம் அடங்கும், குழி விழுந்த குண்டு சரியாகாது. இந்த எஞ்சின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுவது. பேரிங் கூண்டு உடைந்து உள்ளே விழுந்தால் பிஸ்டன், ஸ்லீவ் இரண்டையும் கீறிவிடும். சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள். எல்லாவற்றையும் கழற்றிய வெறும் கிராங்க்கேஸை 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, மரக்கட்டையின் மேல் ஒரு தட்டு தட்டினால் பின்பேரிங் தானாக விழும். முன்பேரிங்கை உள்ளிருந்து மரக்குச்சியால் தள்ள வேண்டும். புதுசை ஃப்ரீசரில் வைத்து எடுத்துச் சூடான கேஸில் விட்டால் அடிக்காமலே உட்காரும். பேரிங் வளையத்தில் எண் பொறித்திருக்கும். 6902 என்றிருந்தால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர் என்று பொருள். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சியில் பம்ப் மோட்டாருக்குப் பேரிங் விற்கும் கடைகளில் எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எண் அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்து கொண்டுபோங்கள்.

சரி, இப்போது பெட்டி. ஆயில் விட்ட எஞ்சினில் பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். ஏபிசி வகையில் ஸ்லீவ் மேலே போகப்போகக் குறுகும். பிஸ்டன் உச்சியில் இறுகிய நிலையில் எட்டு மாதம் கிடந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். பிளக் ஓட்டையைப் பழைய பிளக்கால் அடையுங்கள், திராட்டிலை மூடுங்கள், எக்ஸாஸ்ட் வாயை ஆயில் தோய்த்த துணியால் அடையுங்கள். ஈரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நம் ஊர்க் குளவி திறந்த ஓட்டை எதையும் விடாது. ஒரு எஞ்சினின் கார்புரேட்டர் வாய் முழுக்க வழவழவென்று களிமண் பூசி, உள்ளே பச்சைப் புழுவையும் அடைத்துவைத்திருந்ததைக் குண்டூசியால் சுரண்டி எடுத்திருக்கிறேன். அந்த மண் ஒரு துளி உள்ளே போனாலும் ஸ்லீவுக்கு உப்புத்தாள்தான்.

அரிசி டப்பா யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாம் சாப்பிடும் அரிசியிலேயே எடையில் 12 முதல் 14 சதவீதம் ஈரம் உண்டு, மழைக்காலத்தில் அது மேலும் இழுக்கும். தவிடும் மாவும் வேறு. எரிபொருள் பட்ட பொருளை அரிசியில் வைப்பது சாப்பாட்டுக்கும் கேடு. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல், இதுதான் சரி. நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது ஈரம் ஏறியது என்று தெரியும், சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். பாலிதீன் பையில் சுற்றிக் கட்டுவது உள்ளே இருக்கும் ஈரத்தைச் சிறைவைப்பதுதான். வேட்டித் துணியும் காகிதமும் ஈரத்தை உறிஞ்சிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். ஏசி அறையில் வைத்திருந்தால், வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த உலோகத்தில் தண்ணீர் பூக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போலக் கடலோரம் இருப்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும், உப்புக்காற்று துருவைப் பல மடங்கு வேகப்படுத்தும். ஆடி, ஐப்பசி, மார்கழி என்று இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, இரண்டு சொட்டு விட்டு, நாலு சுற்று சுற்றி வைப்பது எந்தப் பெட்டியையும்விட உபயோகமானது.

மற்ற வகை எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி. ஃபோர்-ஸ்ட்ரோக் குளோ எஞ்சினில் எரிபொருள் கலவை கிராங்க்கேஸ் வழியாகப் போகாது, கசிந்து இறங்கும் கழிவுதான் அங்கே சேரும், அதனால் பேரிங் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கிராங்க்கேஸில் இருக்கும் சுவாசக் குழாய் வழியாக ஆயில் விட்டாக வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்குத் துரு பெரிய பயமில்லை. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அதைக் கார்புரேட்டரில் தேங்கவிட்டால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப்போகும், வடித்து ஓட்டி நிறுத்துங்கள். பழைய மில்ஸ் வகை மாடல் டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள், ஈதரும் மண்ணெண்ணெயும் ஆமணக்கும் கலந்த எரிபொருளில் துரு அபூர்வம். பிசின் மட்டும்தான் தொல்லை.

மிஞ்சிய குளோ எரிபொருளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பாதி காலியான கேனில் மேலே நிற்பது ஈரக்காற்று, எட்டு மாதத்தில் மெத்தனால் அதைக் குடித்துவிடும். சின்ன கேனுக்கு மாற்றி, விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில், ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். கொஞ்சம் உள்ளே போனாலும் கண் போகும். கேன் மேல் 'விஷம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பூட்டி வையுங்கள். முறையாக விற்பவரிடம் ரசீதோடு மட்டும் வாங்குங்கள்.

உங்கள் எஞ்சினைக் கண்ணால் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது. சைலன்சரையும் பேக்பிளேட்டையும் கழற்றியதும், எக்ஸாஸ்ட் வாயையும் பின்பேரிங்கையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். எஞ்சின் ரிங் வைத்ததா இல்லையா என்பதையும், கடைசியாக எந்த எண்ணெய் கலந்த எரிபொருள் ஓட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதுவரை ஸ்டார்ட்டர் பக்கம் கை போகவேண்டாம்.